மாமா காதில் மட்டும் விழும் சொல்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாமா வீட்டு முன்னறையில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கும். மேசையில் துனி சீட்டாட்டம், மூலையில் டிவி. சென்னையிலிருந்து டிஷ் வழியாக வரும் பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் அதை முழுதாகப் பார்ப்பதில்லை. அணைக்கவும் விடுவதில்லை.

ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் மாமா சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு டிவியைக் காட்டினார். "பாரு, திரும்பவும் சொல்றான். வேற லெவல், வேற லெவல். அரை மணி நேரமா இதே பல்லவிதான்."

மாமி நிமிர்ந்து பார்த்தார். "யாரு? என்ன சொன்னான்?"

மாமி நடிக்கவில்லை. நடுவர் அந்தச் சொல்லைச் சொன்னது அவர் காதில் உண்மையிலேயே விழவில்லை. எனக்கும் விழவில்லை. ஆனால் மாமா சொன்ன நிமிடத்திலிருந்து எனக்கும் அது தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பாடுகிற பிள்ளை என்ன ராகத்தில் பாடினாள் என்பதுகூட மனதில் நிற்கவில்லை. அடுத்த 'வேற லெவல்' எப்போது வரும் என்றே காத்திருந்தேன். ஒரே அறை, ஒரே சத்தம். ஒருவருக்கு முள், இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. இது எப்படி நடக்கிறது என்று தேடப்போய், சில விஷயங்கள் தெரிந்தன.

காதில் விழுவதெல்லாம் மனதுக்குப் போவதில்லை. இதை 1953-இல் கோலின் செர்ரி என்ற ஆய்வாளர் எளிய சோதனையால் காட்டினார். ஹெட்போன் மாட்டி, வலது காதில் ஒரு பேச்சு, இடது காதில் வேறொரு பேச்சு. ஒரு காதில் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். மற்ற காதில் ஓடிய பேச்சு நடுவில் ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாறியபோதும் கேட்டவர்களுக்கு அது தெரியவில்லை. ஒரு மொழியே மாறிப்போயிருக்கிறது! 1959-இல் நெவில் மோரே அதே சோதனையில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். கவனிக்காத காதில், கேட்பவரின் சொந்தப் பெயரைச் செருகினார். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் அதைக் கவனித்துவிட்டார்கள்.

ஆக, மூளையின் வாசலில் ஒரு காவல்காரன் நிற்கிறான். பெரும்பாலானதை வெளியிலேயே நிறுத்திவிடுகிறான். ஆனால் அவன் கையில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள சொல் வந்தால் கதவு திறக்க வாய்ப்பு அதிகம். நம் பெயர் அதில் எப்போதும் உண்டு. மாமா 'வேற லெவல்' என்பதையும் அதில் எழுதிவிட்டார். அன்றைக்கு என் பட்டியலிலும் எழுதினார்.

ஒரு சொல் பட்டியலில் ஏறியதும் இன்னொன்று நடக்கிறது. அது வரும்போதெல்லாம் 'பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா' என்று மனது குறித்துக்கொள்கிறது. வராத பத்து நிமிடத்தை யாரும் குறித்துக்கொள்வதில்லை. அதனால் உண்மையில் வருவதைவிட அடிக்கடி வருவதாகத் தோன்றும். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மொழியியலாளர் ஆர்னால்ட் ஸ்விக்கி 2005-இல் இந்த மாயைக்குப் பெயர் வைத்தார். கூடவே இன்னொரு மாயையையும் சொன்னார்: நாம் சமீபத்தில்தான் கவனித்த சொல், சமீபத்தில்தான் பிறந்தது என்று நினைத்துக்கொள்வது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் இப்படிப் பேசுகிறார்கள்' என்று எந்த வீட்டிலாவது கேட்டால், பாதி நேரம் அது இந்த இரண்டாவது மாயையாகவே இருக்கும்.

சரி, கவனிக்கிறோம் என்பது புரிகிறது. எரிச்சல் எங்கிருந்து வருகிறது? திரும்பத் திரும்பக் கேட்டால் பழகித்தானே போகவேண்டும்?

பழகத்தான் செய்கிறது. சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்பது யார் காதிலும் விழுவதில்லை. எரிக் காண்டல் என்ற நரம்பியலாளர் அப்லீசியா என்ற கடல் நத்தையிடம் இதைப் படித்தார். அதன் உறிஞ்சுகுழாயை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால், இழுப்பது குறைந்துகொண்டே போகும். தொடுகையை உணரும் நரம்பு அடுத்த நரம்புக்கு விடும் வேதிப்பொருளின் அளவே குறைந்துவிடுகிறது. ஆனால் அதே நத்தையின் வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டால், அதன்பின் லேசாகத் தொட்டாலும் செவுளை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இப்போது செரோடோனின் வந்து அதே நரம்பை உசுப்பிவிட்டிருக்கிறது. இந்த ஆய்வுகளுக்காக காண்டலுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பழகிப்போவது, உசுப்பேறுவது என்று உடலில் இரண்டு வழிகள் இருக்கின்றன; திரும்பத் திரும்ப வரும் எதுவும் இரண்டையும் ஒரே நேரத்தில் தள்ளுகிறது, எது ஜெயிக்கிறதோ அதுதான் வெளியே தெரியும் என்று 1970-இல் க்ரோவ்ஸ், தாம்ப்ஸன் இருவரும் எழுதினார்கள். நத்தைக்கு மின்னதிர்ச்சி எதுவோ, மாமாவுக்கு அது என்ன? என் கணிப்பைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் நாடு முழுவதற்குமான டிவி ஒளிபரப்பு 1976 ஜனவரி 5-ஆம் தேதிதான் தொடங்கியது. மாமா அப்போது பள்ளிக்கூடப் பையன். தெருவில் ஒரே வீட்டில் டிவி, சுற்றி இருபது பேர், ஒருவரும் மூச்சு விடாமல் பார்த்தார்களாம். டிவியில் பேசுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேசவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவருக்கு அங்கே ஊறியிருக்கிறது. அதோடு இன்னொன்று. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள் கொண்டுவந்த தமிழ், இங்கே இப்போது பல வீடுகளில் ஆங்கிலமாகிவிட்டது. மாமா வாரக்கடைசித் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல் சொல்லாகச் சேர்த்துக் கொடுப்பவர். அவருக்குச் சென்னைத் தொலைக்காட்சி என்பது தமிழின் ஊற்று. அந்த ஊற்றில் ஒரே சொல் சொட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு வலிக்கிறது. மாமிக்கு அந்தக் கவலை கிடையாது. அவருக்கு அது கடிகாரத்தின் டிக் டிக்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, அந்த எரிச்சலூட்டும் சொல்லே முதலில் பிடித்துத்தான் இருந்தது என்பது. 1968-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர், பொருளே இல்லாத புதுச் சொற்களைச் சிலருக்கு வேறு வேறு எண்ணிக்கையில் காட்டினார். சிலதை ஒருமுறை, சிலதை 25 முறைவரை. இந்தச் சொல்லுக்கு நல்ல பொருள் இருக்குமா கெட்ட பொருள் இருக்குமா என்று கேட்டபோது, அதிகம் பார்த்த சொல்லுக்கே நல்ல பொருள் இருக்கும் என்றார்கள். பழக்கமே பிரியத்தைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அந்தக் கோடு ஏறிக்கொண்டே போவதில்லை. பிறகு வந்த ஆய்வுகளில், ஓர் அளவுக்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் பிரியம் சலிப்பாகச் சரிகிறது. விளம்பரம் செய்பவர்கள் மலையின் ஏறுகிற பக்கத்தைத் தேடுகிறார்கள். நாம் இறங்குகிற பக்கத்தில் நின்று ரிமோட்டைத் தேடுகிறோம்.

சொல்லும் தேய்கிறது. அதிலும் இரண்டு தேய்மானம் இருக்கிறது. ஒன்றை நீங்கள் இப்போதே செய்து பார்க்கலாம். 'வாழை' என்று முப்பது தடவை நிறுத்தாமல் சொல்லுங்கள். பாதி வழியிலேயே அது பழமாகவும் இருக்காது, மரமாகவும் இருக்காது. வாயில் உருளும் சத்தமாகிவிடும். லியோன் ஜாகோபோவிட்ஸ் 1962-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இதையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். சத்தத்திலிருந்து பொருளுக்குப் போகும் வழி கொஞ்ச நேரம் களைத்துப்போகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். சிறிது நேரம் விட்டால் வாழை திரும்பி வந்துவிடும்.

இன்னொரு தேய்மானம் திரும்பி வராது. 'ரொம்ப' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது 'நிரம்ப' என்பதிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அதைச் சொன்னால் குடம் விளிம்புவரை நிறைந்து நிற்பது மனதில் வந்திருக்கும். இன்று 'ரொம்பக் கொஞ்சம்' என்கிறோம், எந்தக் குடமும் தெரிவதில்லை. 'பயங்கரமா நல்லா இருந்தது' என்கிறோம். அதில் பயம் எங்கே? ஒன்றை மிகுதியாகச் சொல்ல வலுவான சொல்லை எடுக்கிறோம். எல்லோரும் எடுக்கும்போது வலு போய்விடுகிறது. உடனே அடுத்த சொல். 'சூப்பர்' போய் 'செம' வந்தது, அப்புறம் 'வேற லெவல்'. ஆங்கிலத்தின் 'வெரி'யும் ஒரு காலத்தில் 'உண்மையான' என்று பொருள்பட்ட பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

காலம் சொல்லும் சொற்களும் இப்படித்தான் தேயும். தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வருகிறவர் முதலில் மாட்டிக்கொள்வது 'ஜஸ்ட் நௌ' என்பதில்தான். குழாய் பழுதுபார்ப்பவர் ஜஸ்ட் நௌ வருகிறேன் என்றால் இந்த நிமிடம் என்று அர்த்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்து வரலாம், சாயங்காலம் வரலாம். 'நௌ நௌ' என்றால் அதைவிடச் சீக்கிரம். இங்கே உள்ளவர்களின் சோம்பல் என்று சிலர் இதைக் குறைசொல்வது எனக்குப் பிடிக்காது. ஆங்கிலத்தின் 'ஸூன்' பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்ற பொருளில்தான் இருந்தது. மெல்ல மெல்ல 'பிறகு' பக்கம் நகர்ந்துவிட்டது. நம் 'இதோ வந்துட்டேன்' மட்டும் என்ன? குளியலறையிலிருந்து அந்தக் குரல் வந்தால், தமிழ் வீட்டில் யாரும் கதவருகே போய் நிற்கமாட்டார்கள். உடனே செய்கிறேன் என்று மனிதர்கள் எல்லா ஊரிலும் வாக்குக் கொடுக்கிறார்கள், எல்லா ஊரிலும் தாமதமாகிறது. அந்தத் தாமதம் சொல்லின் பொருளுக்குள்ளேயே படிந்துவிடுகிறது.

மாமாவின் குற்றப்பட்டியலில் 'வந்து'வும் இருக்கிறது. 'நான் வந்து, நேத்து வந்து, அவர்கிட்ட வந்து...' இந்த ஒரு சொல்லுக்காக நான் வாதாடுவேன். உரையாடலில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாகச் சுமார் 200 மில்லிநொடி. பத்து மொழிகளில் அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்குச் சுமார் 600 மில்லிநொடி வேண்டும். இடைவெளி சின்னது, வேலை பெரியது. அந்தப் பள்ளத்தின் மேல் போடும் பலகைதான் 'வந்து'. 'நான் இன்னும் முடிக்கவில்லை, சொல் தேடுகிறேன், இருங்கள்' என்று கேட்பவரிடம் சொல்கிறது. கேட்பவருக்கும் அதில் லாபம் உண்டு. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் கோர்லியும் கூட்டாளிகளும், வாக்கியத்தின் நடுவே 'அ...' என்று தயங்கியபின் வந்த சொல்லைக் கேட்டவர்கள் பிறகு நன்றாக நினைவில் வைத்திருந்ததைக் கண்டார்கள். தயக்கம், அடுத்து வருவதற்குக் காதைத் தயார் செய்கிறது. மேடையில் ஒருவர் வரிக்கு நான்கு 'வந்து' போட்டால் தாங்காதுதான். ஆனால் 'வந்து'வே இல்லாமல் பேசுகிறவர், எழுதி வைத்ததை வாசிக்கிறார் என்றே நினைப்பேன்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். பக்கத்தில் ஒருவர் மெல்லும் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடத்து, அறையைவிட்டு ஓடவேண்டும்போல் சிலருக்கு வரும். அது வெறும் பிடிக்காமை அல்ல. மிஸோஃபோனியா என்று 2001-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். நியூகாஸில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட மூளைப் படங்களில், அப்படிப்பட்டவர்களுக்கு அந்தச் சத்தங்கள் கேட்கும்போது இன்சுலா என்ற பகுதியின் முன்பக்கம் மற்றவர்களைவிட மிக அதிகமாக வேலை செய்தது. வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், 'பழகிக்கோ' என்று சொல்லாதீர்கள். சாப்பாட்டு மேசையில் ரேடியோ மெல்லப் பாடினாலே சிலருக்குப் பாதி நிம்மதி.

மாமாவுடையது அந்த வகை அல்ல. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அடுத்த ஞாயிறும் நான் போயிருந்தேன். அதே போட்டி, அதே நடுவர். துனியில் ஒவ்வொருவருக்கும் ஆறு சீட்டு. கையில் நல்ல சீட்டு விழுந்து, ஆறு பிடியையும் நானே எடுப்பேன் என்று துணிந்தவர் 'துனி!' என்று அறிவிப்பார். ஒரு பிடி தவறினாலும் தோல்வி. அன்றைக்கு மாமா துனி சொன்னார். முதல் சீட்டிலிருந்து ஆறாவது சீட்டு இறங்கும்வரை நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, டிவியைக் கேட்டுக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். நான்கு முறை.

"கேட்டீங்களா மாமா?" என்றேன்.

"எதை?" என்றார், பிடித்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டே.