பிரெக்ஸிட்: வெளியேற்றமா, விலகலா?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதைத்தான் பிரெக்ஸிட் என்கிறோம். பிரிட்டன், எக்ஸிட் என்ற இரண்டையும் வெட்டி ஒட்டிய சொல். ஆனால் இதற்கு முன்மாதிரி கிரேக்கம். 2012 பிப்ரவரியில், கடனில் மூழ்கியிருந்த கிரேக்கம் யூரோ நாணயத்தைக் கைவிடுமா என்று ஆராய்ந்த சிட்டி குழும வங்கிப் பொருளியலாளர்கள் அதற்குக் ‘கிரெக்ஸிட்’ என்று பெயர் வைத்தார்கள். அதைப் பார்த்து அதே ஆண்டு மே மாதம் ‘பிரெக்ஸிட்’ என்று எழுதியவர் பீட்டர் வைல்டிங். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டன் ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். அப்புறம், கிரேக்கம் யூரோவிலேயே இருந்துவிட்டது, போனது பிரிட்டன்தான்.

எக்ஸிட் என்பது லத்தீன் வினைமுற்று. ‘வெளியே போகிறான்’ என்று பொருள். நாடகப் பிரதிகளில், பாத்திரம் மேடையை விட்டுப் போகும் இடத்தில் எழுதும் குறிப்பாக ஆங்கிலத்துக்குள் வந்தது. யாரும் பிடித்துத் தள்ளவில்லை, தானாகவே போகிறான் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இங்கேதான் தமிழில் சிக்கல். நம் செய்தித்தாள்கள் ‘பிரிட்டன் வெளியேற்றம்’ என்று தலைப்பு போட்டன. வெளியேறு தன்வினை, வெளியேற்று பிறவினை. ‘வெளியேற்றம்’ இரண்டுக்கும் வரும் என்றாலும், ‘அவையிலிருந்து உறுப்பினர் வெளியேற்றம்’ என்று படித்தால் காவலர்கள் தூக்கிக்கொண்டு போவதுதான் கண்ணில் தெரியும். பிரிட்டனை யாரும் அப்படித் தூக்கிப் போடவில்லை. ‘பிரிவினை’ என்றால் இன்னும் மோசம். அது ஒரு நாடே துண்டாவது.

‘விலகல்’தான் சரி என்பேன். கட்சியிலிருந்து விலகினார் என்கிறோமே, அந்த விலகல். லிஸ்பன் உடன்படிக்கை வழியாக ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தில் சேர்ந்த 50-ஆவது பிரிவு பேசுவதும் உறுப்பு நாடு தானே விலகிக்கொள்ளும் உரிமையைப் பற்றித்தான். 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த பொதுவாக்கெடுப்பின் வாக்குச்சீட்டில் பிரெக்ஸிட் என்ற சொல்லே இல்லை. ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்பதே கேள்வி. விலகலுக்கு 51.9 சதவீதம், நீடிப்பதற்கு 48.1. ஆகவே இரு தரப்புக்கும் விலகுவோர், நீடிப்போர் என்ற பெயர்களே போதும்.

விலகல் என்றால் எவ்வளவு தூரம் என்பதில்தான் சண்டை. ஒன்றியத்தை விட்டுவிட்டு, சரக்கும் ஆட்களும் தடையில்லாமல் போய்வரும் அதன் ஒற்றைச் சந்தையில் மட்டும் இருக்கலாமா? உறுப்பினர்களுக்குள் சுங்கவரி இல்லாத சுங்க ஒன்றியத்தில்? 2016-இல் பிரதமரான தெரசா மே சொன்னது: “பிரெக்ஸிட் என்றால் பிரெக்ஸிட்.” அகராதிக்காரர் இப்படிப் பொருள் எழுதினால் வேலை போய்விடும்! ஒருவழியாக 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் விலகியது. சந்தை, சுங்க ஏற்பாடுகள் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை பழையபடியே நீடித்தன.

‘பிரிட்டன்’ என்ற பாதியிலும் ஓர் ஓட்டை உண்டு. விலகியது ஐக்கிய இராச்சியம். அதில் வட அயர்லாந்தும் சேர்த்தி. அது பிரிட்டன் தீவில் இல்லை, அங்கே பெரும்பான்மையினர் நீடிக்கவே வாக்களித்தார்கள். விலகல் பேச்சுவார்த்தையின் மிகப் பெரிய முடிச்சு வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான எல்லை; அதற்குச் சொல்லிலேயே இடமில்லாமல் போயிற்று.

செய்தித் தலைப்பில் பிரெக்ஸிட் என்றே இருக்கட்டும், எல்லாருக்கும் புரிகிறது. கட்டுரைக்குள் முதல்முறை வரும்போது ‘ஐரோப்பிய ஒன்றிய விலகல்’ என்று எழுதிவிட்டால், பிறகு வெறும் ‘விலகல்’ போதும்.