ரோட் ட்ரிப் ரொமான்ஸ்னா என்ன, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

யங் அடல்ட் நாவல், அதாவது பதின்வயசுக்காரங்களுக்குன்னு எழுதுற நாவல் படிக்கிற நம்ம புள்ளைங்ககிட்ட, அதான் கீழக்கரை ராம்நாடு பக்கம் காலேஜ் பஸ்ல போன்லயே முழு நாவலும் படிச்சு முடிக்கிறவங்ககிட்ட, எந்த மாதிரி கதை புடிக்கும்னு கேட்டா ரோட் ட்ரிப் ரொமான்ஸ்னு சொல்றாங்க. 16, 17 வயசுல ரெண்டு பேரு, ஒரே கார், நாலஞ்சு நாள் பயணம், கெளம்பும்போது ஒருத்தருக்கு ஒருத்தர் ஆகாது இல்லேன்னா அவ்வளவாப் பழக்கமில்ல, போய்ச் சேர்றதுக்குள்ள மனசு ஒட்டிக்கும். அர்த்தம் இவ்வளவுதான்.

பழைய இங்கிலீஷ்ல ரோட்ங்கிற சொல்லு குதிரையேறிப் போற போக்கத்தான் குறிச்சது, ரைடுங்கிற சொல்லுக்கு ஒறவு அது, தரையில கெடக்குற பாதைங்கிற அர்த்தம் 16ஆம் நூற்றாண்டு கடைசிலதான் வருது. கப்பல் நங்கூரம் போட்டு நிக்கிற ஒதுக்கமான கடலுக்கும் ரோட்னு பேரு உண்டு, கடக்கரைக்காரங்களுக்கு இது புடிக்கும்னு நெனைக்கிறேன். ட்ரிப்புக்கு மொதல் அர்த்தம் மெல்ல எட்டு வச்சுத் துள்ளி நடக்குறது, குறும்பயணம் ஆனது பிறகு. ரொமான்ஸ்? லத்தீன்ல எழுதாம மக்கள் பேசுற மொழியில எழுதுனதுக்குப் பழைய பிரெஞ்சுல வச்ச பேரு, அந்த மொழியில வீரக்கதையும் காதல் கதையும் நெறய வந்ததால பேரு கதைக்கு ஒட்டி, அப்புறம் காதலுக்கே ஒட்டிக்கிச்சு.

இந்த வகை அமெரிக்காவுல செழிச்சதுக்குக் காரணம் இருக்கு. 1956ல அங்க நெடுஞ்சாலைச் சட்டம் போட்டு நாடு முழுக்க மாநிலங்கள இணைக்கிற பெரிய ரோடா போட ஆரம்பிச்சாங்க, பெரும்பாலான மாநிலத்துல 16 வயசுலயே கார் ஓட்ட லைசென்ஸ் கெடைச்சுரும். ஸ்கூல் படிக்கும்போதே ஸ்டியரிங் கைக்கு வந்துருது. நம்மூர்ல காருக்கு 18 ஆகணும், 16ல 50 சிசிக்குள்ள கியர் இல்லாத வண்டிதான், அதுக்கும் வீட்டுல சம்மதிக்கணும்.

அப்ப கார் ஓட்டாத நம்ம புள்ளைங்களுக்கும் இது ஏன் இப்படிப் புடிக்குது? தனுஷ்கோடி ரோட்ட நெனச்சுப் பாருங்க. முகுந்தராயர் சத்திரம் தாண்டிட்டா ரெண்டு பக்கமும் கடல், நடுவுல ஒத்த ரோடு, எடையில திரும்பிப் போகக் கெளைப் பாதை கெடையாது, அரிச்சல்முனை போய்த்தான் வண்டி திரும்பணும். 2017ல இந்த ரோடு தெறக்குறதுக்கு முந்தி வேன்ல மணல்லயும் தண்ணியிலயும் குலுங்கிக்கிட்டுப் போவாங்க, யாரு எவருன்னே தெரியாத ஆளுங்க தோளோட தோள் இடிச்சு உக்காந்து போயி, திரும்பி வரும்போது ஒரே பொட்டலத்துல கடலை தின்னுக்கிட்டு வருவாங்க. ரோட் ட்ரிப் கதையிலயும் நடக்குறது இதுதான், கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போக எடமில்ல, பேசித்தான் ஆகணும். அதோட பயணம் முடியுற நாள் முன்னாடியே தெரியும், அதுக்குள்ள சொல்லிரணும்ங்கிற தவிப்பு வேற. உச்சிப்புளில பஸ் ஏறுனா பாம்பன் எறங்குறதுக்குள்ள வீட்டுக்குச் சேதி போயிரும், அப்படி எல்லாரும் இன்னாரு மக இன்னாரு பேரன்னு தெரிஞ்சு வச்சிருக்கிற ஊர்ல வளர்ற புள்ளைக்கு, யாருமே அடையாளம் கண்டுக்காத நாலு நாள்ங்கிறது எவ்வளவு பெரிய ஆசை! அத யாரும் லேசா நெனைக்கக் கூடாது.

தமிழுக்கு இது புதுசும் இல்ல. சங்கப்பாட்டுல பிரிவையும் வறண்ட காட்டுவழியையும் பாடுற பாலைத்திணையில உடன்போக்குன்னு ஒண்ணு வருது, காதலிச்சவனோட பொண்ணு வீட்ட விட்டுக் கெளம்பிக் காட்டுவழியில நடக்குறது. குறுந்தொகை ஏழாவது பாட்ட எடுங்க, வழியில பாத்தவங்க பேசிக்கிறாங்க: வில்லு வச்சிருக்கவன் கால்ல கழல், வளையல் போட்டவளோட மெல்லடியில இன்னும் சிலம்பு, யாரோ பாவம், வாகை நெத்து காத்துல அடிபட்டுக் கழைக்கூத்துப் பறை மாதிரி ஒலிக்கிற மூங்கில் காட்டுக்குள்ள போறாங்களேன்னு. சிலம்பு கழிக்கிறது, அதாவது பொண்ணு கால்ல கெடக்குற சிலம்பக் கழட்டுறது, கல்யாணத்துக்கு முந்துன சடங்கு, அதனால அவ கால மட்டும் பாத்தே இன்னும் கல்யாணம் ஆகலன்னு புரிஞ்சுக்கிடுறாங்க. ஆறே வரி, ஒரு முழு நாவலுக்கு வேண்டியது அத்தனையும் இருக்கு. கலித்தொகைல பொண்ணத் தேடி வர்ற செவிலித்தாய்கிட்ட எதிர்ல வந்த அந்தணர் சொல்றது மன்னார் வளைகுடாக்காரங்களுக்கு இன்னும் பக்கம்: முத்து கடல்லதான் பொறக்குது, ஆனா அது அணியுறவங்களுக்குத்தான், கடலுக்கு அதால என்ன, ஒங்க பொண்ணும் ஒங்களுக்கு அப்படித்தான்னு.

அப்ப உடன்போக்குன்னே சொல்லிரலாமான்னா எனக்கு முழுச் சம்மதம் இல்ல. அதுல காதல் முந்தி, வழி பிந்தி. ரோட் ட்ரிப் கதையில வழிதான் முந்தி, அதோட இவங்க பெரும்பாலும் வீடு திரும்பிருவாங்க. சாலைப் பயணக் காதல்னு எழுதுறது தப்பில்ல, ஆனா யாரு வாயிலயும் அது நிக்காது. பயணம்ங்கிறதே பிரயாணம்ங்கிற வடசொல்லுலருந்து வந்தது. செலவுன்னு நல்ல பழைய தமிழ்ச்சொல் இருக்கு, போறதுன்னு அர்த்தம், இன்னைக்கு அதச் சொன்னா காசு ஞாபகம்தான் வரும்.

நான் சொல்றது வழித்துணை. நம்ம பக்கம் வெளியூர் கெளம்புறவங்களப் பாத்து "வழித்துணைக்கு யாரு வர்றா?"ன்னு இன்னும் கேக்குறாங்க, அதனால யாருக்கும் வெளக்க வேண்டியதில்ல. ரோட் ட்ரிப் ரொமான்ஸ வழித்துணைக் காதல்னு சொல்லிப் பாருங்க, வழிக்குக் கூட வந்த ஆளு மனசுக்கும் துணையானதுன்னு சொல்லுலயே வந்துருது. வெறும் ரோட் ட்ரிப்புக்கு நெடுவழிப் பயணம் போதும். யங் அடல்ட்டுக்கு, பாலைப் பாட்டுல பையனச் சொல்ற விடலைங்கிற பேர எடுக்கலாம்னு தோணும், விடலைப் பருவம்னு இன்னைக்கும் சொல்றோம்ல, ஆனா அது ஆம்பளைய மட்டும் குறிக்கும், பொண்ணுங்கதான் இத அதிகம் படிக்கிறாங்க, அதனால இளையோர் நாவல்னே இருக்கட்டும். காதலே இல்லாம ரெண்டு சிநேகிதிங்க ஈசிஆர்ல ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு தேவிபட்டினத்துலருந்து சாயல்குடி வரைக்கும் போற கதைய யாராவது எழுதுனா, அதுக்கு வழித்துணைக் கதைன்னு பேரு வச்சுக்கலாம்.