துப்பாக்கிக் குழலின் ஐந்து நொடி ஆயுள்

சிங்கப்பூரில் தேசிய சேவை செய்தபோது எனக்குக் கொடுக்கப்பட்ட ரைஃபிள் பழையது. நூறு மீட்டரில் பக்கத்தில் படுத்துச் சுட்ட நண்பனின் ஐந்து ஓட்டைகள் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும். என்னுடையவை சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக் கிடக்கும். மூச்சை நிறுத்து, விசையை மெல்ல அழுத்து என்று பயிற்றுநர் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். பலனில்லை. கடைசியில் ஆயுதப் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த வாரண்ட் அதிகாரி மூத்த தமிழர். மற்ற எல்லாரையும் போல நானும் அவரை, ஐயா என்று பொருள்படும் மலாய்ச் சொல்லால், "என்சிக்" என்றே அழைப்பேன். கோடு போட்ட ஓர் எஃகுக் கம்பியைத் தோட்டா அறை வழியாக உள்ளே விட்டார். நிற்க வேண்டிய கோட்டில் நிற்காமல் அது மேலும் உள்ளே போனது.

"உன் கையில் குறையில்லை, தம்பி. இதன் தொண்டை போய்விட்டது" என்றார்.

தொண்டை என்று அவர் சொன்னது, தோட்டா அறை முடிந்து சுழல் பள்ளங்கள் தொடங்கும் இடம். குழலின் உட்சுவரில் திருகாணிபோல் சுற்றிச் செல்லும் அந்தப் பள்ளங்கள்தாம் குண்டைச் சுழல வைக்கின்றன. சுழல்வதால்தான் அது பம்பரம்போல் நிலைகுலையாமல் பறக்கிறது. சிங்கப்பூரிலேயே உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட எம்16எஸ்1 ரைஃபிளின் குழலில் பள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 305 மில்லிமீட்டர் ஆகிறது. குண்டு நொடிக்கு ஏறத்தாழ 990 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 3,200 சுற்றுகளுக்கும் மேல்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயிரக்கணக்கான குண்டுகள் உரசிச் சென்றதால் குழல் தேய்ந்துவிட்டது என்றே நானும் நினைத்தேன். அப்படியானால் குண்டு அதிவேகமாகப் பாயும் முன்முனைதான் அதிகம் தேய்ந்திருக்க வேண்டும். உண்மை நேர்மாறானது. குண்டு இன்னும் வேகமே எடுக்காத பின்முனையில்தான் சேதம் தொடங்குகிறது. எஃகோடு ஒப்பிட்டால் குண்டின் செம்பு உறை மிக மிருதுவானது. குழலை அரிப்பது குண்டன்று, அதைத் தள்ளும் நெருப்பு.

ஒரு குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐயாயிரம் முறை சுட்ட குழல் உண்மையில் வேலை செய்த மொத்த நேரம் ஐந்து நொடிதான். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்து நொடியில் நல்ல எஃகைக் கெடுக்கும் அளவுக்கு உள்ளே என்னதான் நடக்கிறது?

தோட்டாவுக்குள் எரியும் வெடிமருந்தின் வாயுக்கள் 2,500 டிகிரி செல்சியஸையும் தாண்டுகின்றன. இரும்பு உருகுவது 1,538 டிகிரியில். அழுத்தமோ காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல மூவாயிரம், நாலாயிரம் மடங்கு. அந்த வெப்பம் எஃகின் மேல்தோலில், முடி கனத்துக்கு, ஒரு கணம் இறங்குகிறது. அடுத்த கணம் உள்ளே இருக்கும் குளிர்ந்த எஃகு அதை உறிஞ்சிக்கொள்கிறது. சுமார் 730 டிகிரிக்கு மேல் எஃகின் படிக அமைப்பே மாறிச் சற்றுச் சுருங்குகிறது. குளிரும்போது மீண்டும் விரிகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் மேல்தோல் இப்படி இழுபடுகிறது, அதன் கீழே உள்ள எஃகு அசையாமல் நிற்கிறது. வற்றிய ஏரியின் தரைபோல் மேல்தோல் பாளம் பாளமாக வெடிக்கிறது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த ஒரு குழலை என்சிக் பாடம் நடத்துவதற்காகவே வைத்திருந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது நான் பார்த்தது அந்த ஏரித் தரையைத்தான்.

வெப்பம் பாதிக் கதை. மீதிப் பாதி வேதியியல். எரிந்த வாயுவில் நிறைந்திருக்கும் கார்பன் மோனாக்சைடிலிருந்து கரி அணுக்கள் சூடான எஃகுக்குள் புகுந்துவிடுகின்றன. கரி மிகுந்தால் இரும்பு வார்ப்பிரும்பாகிறது. தேக்கா சந்தையில் வாங்கும் கனத்த தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும், கைதவறித் தரையில் விழுந்தால் இரண்டாக உடையும். குழலின் தொண்டையில் உருவாகும் தோலும் அதே இனம்தான், அதைவிடவும் நொறுங்கக்கூடியது. கரி ஏறிய இரும்பு 1,150 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும் என்பது இன்னும் மோசம். அதாவது, ஒவ்வொரு சூடும் அடுத்த சூட்டுக்கு எளிதில் இரையாகும் ஒரு தோலைத் தயாரித்து வைத்துவிட்டுப் போகிறது. அடுத்து வரும் வாயு விரிசல்களில் நுழைந்து அதைத் துகள் துகளாகப் பெயர்த்துச் செல்கிறது. இந்தத் துறையில் என்னை அதிகம் வியக்க வைத்த உண்மை இதுதான்.

தொண்டை அரித்தால் குறி ஏன் தவறுகிறது? புதுக் குழலில் குண்டு தோட்டாவை விட்டுக் கிளம்பியதும் பள்ளங்கள் அதை நேராகப் பற்றிக்கொள்ளும். தொண்டை அரித்து, பள்ளங்களின் தொடக்கம் முன்னே தள்ளிப் போன குழலில் அது பிடிமானமில்லாமல் சற்றுத் தூரம் பாய வேண்டியிருக்கிறது. அதற்குள் இம்மியளவு சாய்ந்துவிடுகிறது. சாய்ந்தபடியே பள்ளங்களில் மாட்டினால் உறை ஒரு பக்கம் அதிகமாகச் சீவப்பட்டு, குண்டின் எடை மையம் அச்சிலிருந்து விலகுகிறது. அந்த விலகல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, தலைமுடியின் கனத்தில் ஏழெட்டில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 3,200 சுற்றுச் சுழலும் குண்டில் அது நொடிக்கு 20 சென்டிமீட்டர் பக்கவாட்டு வேகமாகிறது. 300 மீட்டர் கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் ஆகும். அதற்குள் குண்டு ஏழு சென்டிமீட்டர் விலகிவிடும். எந்தத் திசையில் விலகும் என்பதும் ஒவ்வொரு சூட்டுக்கும் மாறும். சுடுபவர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் இதைத் திருத்த முடியாது. அத்துடன், சொரசொரப்பான தொண்டை செம்பைச் சுரண்டி அப்பிக்கொள்கிறது, வாயு குண்டைச் சுற்றிக் கசிகிறது, வேகம் சூட்டுக்குச் சூடு மாறி ஓட்டைகள் மேலும் கீழுமாய் விழுகின்றன. பள்ளங்கள் அடியோடு தேய்ந்த குழலிலிருந்து வரும் குண்டு உருண்டு புரண்டு சென்று, தாளில் வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் நீளமாகக் கிழிக்கும்.

ஒரு குழல் எத்தனை சூடு தாங்கும் என்பது, எவ்வளவு மருந்து எவ்வளவு சிறிய துளை வழியாகப் புகுகிறது என்பதைப் பொறுத்தது. பெரிய தோட்டாவும் சிறிய துளையும் சேர்ந்த வகைகளில், போட்டிக்குரிய துல்லியம் ஓராயிரம், ஆயிரத்தைந்நூறு சூட்டிலேயே போய்விடலாம். 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம் ஜாஸ்மின் செர் தங்கம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் பிரிவு மறுகோடி. அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். ஆனால் தோட்டா மிகச் சிறியது, ஈயக் குண்டு, மருந்தோ கொஞ்சம். அத்தகைய குழல் பல்லாயிரம் சூடு கண்டும் தளராது.

மருந்து எரியும் வெப்பமும் முக்கியம். பிரிட்டிஷ் ராணுவம் முதலில் பயன்படுத்திய கார்டைட் மருந்தில், அதிக வெப்பத்தில் எரியும் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு. அது குழல்களை வேகமாகத் தின்றது. பின்னர் அதை 30 விழுக்காடாகக் குறைத்தார்கள்.

பெரிய துளையில் இதே கதை இன்னும் கடுமையானது. சாங்கியில் காஸ்ஃபர்ட் சாலையோரம் ஜோகூர் பீரங்கித் தளம் இருந்த இடத்தில் ஒரு மாதிரிப் பீரங்கியை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே இருந்தவை 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று. 16 மீட்டர் நீளக் குழல், 879 கிலோ குண்டு. முழு மருந்தில் முந்நூற்றுச் சொச்சம் முறை சுட்டால் குழலின் உள்ளுறையை மாற்ற வேண்டும். குண்டுகள் குழலுக்குள் இருந்த நேரத்தைக் கூட்டினால் பத்துப் பன்னிரண்டு நொடிதான் தேறும். 1942 பிப்ரவரியில் பின்வாங்கும் முன் பிரிட்டிஷாரே அவற்றைத் தகர்த்துவிட்டதால் தேய்ந்து ஓயும் வாய்ப்பு அவற்றுக்குக் கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் பாரிஸைத் தாக்கிய ஜெர்மானியப் பீரங்கியில் ஒவ்வொரு சூட்டுக்கும் துளை பெரிதானதால், குண்டுகளையே சற்றுச் சற்று அதிக விட்டத்தில் செய்து வரிசை எண் இட்டிருந்தார்கள். வரிசை தப்பிப் போடக்கூடாது.

தற்காப்பு இல்லாமல் இல்லை. குரோமியம் 1,907 டிகிரியில்தான் உருகும், கரியையும் எளிதில் உள்ளே விடாது. வியட்நாமின் ஈரத்தில் எம்16 துப்பாக்கிகள் துருப்பிடித்துச் சிக்கியபோது முதலில் தோட்டா அறைக்கும், பிறகு குழல் முழுவதற்கும் குரோமியம் பூசினார்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கும் அது பொருந்தும். ஆனால் பூச்சு எங்கும் ஒரே கனத்தில் அமைவது கடினம் என்பதால் போட்டி வீரர்கள் பூசாத குழலையே விரும்புகிறார்கள். பூச்சிலும் நுண்விரிசல்கள் உண்டு. வாயு அவற்றின் வழியே இறங்கி அடியிலிருக்கும் எஃகைத் தின்றால் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும்.

எளிய தற்காப்பு, ஆறவிடுவது. வேகவேகமாகச் சுட்டால் முந்தைய சூட்டின் வெப்பம் உள்ளே பரவும் முன்பே அடுத்தது வந்து சேர்கிறது. இயந்திரத் துப்பாக்கிக்கு மாற்றுக் குழல் சுமப்பது அதனால்தான்.

சுத்தம் செய்வதிலும் கவனம் வேண்டும். கம்பியை முன்முனை வழியாக நுழைத்துத் தேய்த்தால் குழலின் வாய்விளிம்பு ஒருபக்கமாகத் தேயும். குண்டு வெளியேறும் கணத்தில் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு பீறிட்டு அதன் வாலை இடித்துவிடும். நல்ல தொண்டையுள்ள குழலைக்கூட இது கெடுத்துவிடும்.

துல்லியம் படிப்படியாகக் குறைவதில்லை. நெடுநாள் ஒழுங்காக இருந்த குழல் சில நூறு சூட்டுக்குள் சட்டென்று மோசமாகிவிடும். அதனால் போட்டிக்காரர்கள் ஒவ்வொரு சூட்டையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார்கள். என் ரைஃபிளை எனக்கு முன் எத்தனை பேர் சுட்டார்களோ, யாரும் எண்ணி வைத்திருக்கவில்லை. என்சிக் அதை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். பிடியிலும் உடலிலும் அதே பழைய கீறல்கள். குழல் மட்டும் புதிது. நூறு மீட்டரில் ஐந்து முறை சுட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐந்து ஓட்டைகளையும் ஒரு கையால் மூட முடிந்தது.