டெக்கீலாவும் புதினாவும்: வீட்டில் கலக்கும்போது கணக்கு எங்கே தவறுகிறது

45 மில்லி டெக்கீலா, 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு, எட்டுப் பத்துப் புதினா இலை, மேலே 60 மில்லி சோடா, தம்ளர் நிறைய ஐஸ். வீட்டில் கலக்கும் புதினா டெக்கீலாவுக்கு இவ்வளவுதான் கணக்கு. பின்னால் வரும் எண்கள் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ ருசி கெடும். முதல் எண் கூடினால் குடிப்பவர் கெடுவார், அதுவும் அவருக்கே தெரியாமல்.

மெக்ஸிகோ மதுவான டெக்கீலாவைத் தனியாகக் குடித்தால் தொண்டை எரியும். அந்த எரிச்சல்தான் "போதும்" என்று சொல்லும் காவல்காரன். எலுமிச்சையின் புளிப்பும் பாகின் இனிப்பும் ஐஸின் சில்லிப்பும் புதினா வாசனையும் சேர்ந்தால் அவன் இடத்தைக் காலி செய்துவிடுவான். மேலே சொன்ன அளவோடு, குலுக்கும்போது உருகிச் சேரும் 25 மில்லி தண்ணீரையும் கூட்டினால் மொத்தம் 170 மில்லி. டெக்கீலா 40 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் 18 மில்லி, எடையில் 14 கிராம். ஒயினுக்குச் சற்றே கீழே, பத்தரை சதவீதம். நாக்குக்குத் தெரிவதோ எலுமிச்சை ஜூஸ். ஐந்து சதவீத பீர் 330 மில்லி டின்னிலும் ஏறக்குறைய இதே ஆல்கஹால்தான் இருக்கிறது. பீரை நிதானமாகக் குடிப்பவர்கள்கூட வெயில் நேரத்தில் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்பார்கள்.

பாட்டிலைச் சாய்த்துக் கண்ணளவில் ஊற்றினால் 75 மில்லி விழுவது சாதாரணம். அப்படி விழுந்தால் ஒரு தம்ளரில் 24 கிராம் ஆல்கஹால். மூன்று தம்ளர் குடித்ததாக நினைப்பவர் உண்மையில் ஐந்து குடித்திருக்கிறார். ஆகவே அளக்காமல் ஊற்றாதீர்கள். ஜிகர் என்ற மது அளக்கும் குட்டிக் கிண்ணம் இல்லையென்றால் இருமல் மருந்துடன் வரும் கோடு போட்ட அளவு மூடியைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். கேக் செய்ய வாங்கிய 15 மில்லி அளவுக் கரண்டியில் மூன்று முறை ஊற்றினாலும் சரி. சாப்பிடும் கரண்டியும் பாட்டில் மூடியும் அளவே இல்லை.

பாட்டில்

மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்திலும் வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் தயாராவது மட்டுமே டெக்கீலா. 1974 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மூலப்பொருள் நீல அகாவே, நம் ஊர் ரயில் பாதை ஓரங்களில் நிற்கும் ஆனைக்கற்றாழையின் உறவு. லேபிளில் "100 சதவீதம் டி அகாவே" என்று இருந்தால் முழுக்க அகாவே சர்க்கரையில் புளித்தது. அந்த வரி இல்லையென்றால் அது மிக்ஸ்டோ. அகாவே சர்க்கரை 51 சதவீதம் இருந்தால் போதும், மிச்சம் கரும்பாகவோ சோளமாகவோ இருக்கலாம். லேபிளில் நோம் (NOM) என்ற எழுத்துகளோடு நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். எந்த ஆலையில் தயாரானது என்பதை அது காட்டும். அந்த எண் இல்லாத டெக்கீலா பாட்டிலை வாங்க வேண்டாம்.

புதினாவுக்கு ஏற்றது பிளாங்கோ என்ற டெக்கீலா வகை. பீப்பாயில் வைக்காமலோ, இரண்டு மாதத்துக்குள்ளாகவோ பாட்டிலுக்கு வருவதால் பச்சை வாசனையும் மிளகுக் காரமும் அதில் அப்படியே இருக்கும். சில மாதம் பீப்பாயில் இருந்த ரெபொசாடோவில் மரத்தின் வெனிலா வாசனை வந்து புதினாவோடு முட்டும், ஆனாலும் குடிக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் பீப்பாயில் கிடந்த அன்யேஹோவை வாங்கிச் சோடாவில் கலப்பது காசைக் கரைக்கும் வேலை. எடை குறையும், மறுநாள் தலைவலி வராது என்றெல்லாம் டெக்கீலாவைப் பற்றிச் சுற்றும் செய்திகளை நம்பாதீர்கள். எடையைக் குறைப்பதாகச் சொல்லப்படும் அகாவே நார்ச்சத்து வேகவைக்கும்போது சர்க்கரையாகி, புளிக்கும்போது ஆல்கஹாலாகிவிடுகிறது. பாட்டிலுக்குள் அது வந்து சேர்வதில்லை.

சீல் உடைந்தது, மலிவாகக் கிடைத்தது, யாரோ கொண்டுவந்து கொடுத்தது என்றால் தொடவே வேண்டாம். மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்திருந்தால் ருசியிலும் வாசனையிலும் கண்டுபிடிக்க முடியாது. எலுமிச்சையும் புதினாவும் சேர்ந்த பிறகு சந்தேகப்படக்கூட வழியில்லை. பற்றவைத்து நெருப்பின் நிறம் பார்க்கும் சோதனையையும் நம்ப முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் எல்லாம் பல மணி நேரம் கழித்தே வரலாம். பார்வை மங்கினால் தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

எலுமிச்சை, புதினா, பாகு

வெளிநாட்டுக் குறிப்புகளில் "ஒரு லைம்" என்று இருக்கும். அது பெரும்பாலும் விதையில்லாத பெரிய பெர்ஷியன் லைம். ஒன்றைப் பிழிந்தால் 30 மில்லி வரை வரும். நம் சந்தையில் கிடைக்கும் உருண்டை எலுமிச்சையும் மெக்ஸிகோக்காரர்கள் எல்லாவற்றின் மீதும் பிழியும் சின்ன லிமோனும் ஒரே இனம். இது சின்னது, புளிப்பு கூடுதல். ஒன்றில் 15 முதல் 20 மில்லி கிடைக்கும். பழக் கணக்கில் போகாமல் மில்லிக் கணக்கில் போனால் பிழை வராது. மேசையில் வைத்து உள்ளங்கையால் உருட்டிவிட்டுப் பிழியுங்கள். தோல் நசுங்கும் அளவுக்குப் பிழிந்தால் கசப்பு இறங்கும். காலையில் பிழிந்த சாறு மாலைக்கு மந்தமாகிவிடும். பாட்டிலில் விற்கும் சாறு இதற்கு உதவாது.

நம் சட்னிப் புதினாதான் இதற்கும் சரி. அதன் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்ற எண்ணெய்ப் பொருள். மென்தால் அதில் மிகக் குறைவு. பெப்பர்மின்ட் போட்டால் மென்தால் தூக்கி அடித்து, பற்பசை கரைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும். கட்டின் மேல்பக்கத்து இளம் இலைகளை மட்டும் கிள்ளுங்கள். அடியில் இருக்கும் தடித்த இலைகளும் தண்டும் கசக்கும். மண் போக மூன்று தண்ணீரில் அலசித் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். ஆல்கஹால் கிருமியைக் கொன்றுவிடும் என்று அரைகுறையாகக் கழுவுபவர்கள் உண்டு. பத்துப் பதினொரு சதவீதத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ஐஸும் அப்படித்தான், குடிக்கிற தண்ணீரில் உறையவைத்ததாக இருக்க வேண்டும். மூடியில்லாத தட்டில் ஒரு வாரம் கிடந்த ஐஸில் ஃபிரிட்ஜில் உள்ள மீன் குழம்பும் தோசை மாவும் மணக்கும், அது நேராகத் தம்ளருக்கு வரும்.

பாகுக்கு 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர். சூடாக்கி, சர்க்கரை கரைந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதம் தேவையில்லை. கொதிக்கவிட்டால் கெட்டியாகி அளவு தப்பும். ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும்.

கலக்கும் முறை

புதினா எண்ணெய் இலையின் மேல்பரப்பில் நுண்ணிய பைகளில் இருக்கிறது. லேசாக அழுத்தினாலே அவை உடைந்துவிடும். இலையை அரைத்தால் உள்ளே இருக்கும் பச்சையமும் துவர்ப்பும் வெளியே வந்து காற்றுப்பட்டுக் கருக்கும். அதனால் மிக்ஸியை மறந்துவிடுங்கள். ஷேக்கரில், அல்லது மூடி இறுக்கமான அகன்ற வாய் எவர்சில்வர் பாட்டிலில், இலையையும் பாகையும் போட்டுப் பருப்பு மத்தின் அடியால் ஐந்தாறு முறை அழுத்தித் திருப்புங்கள். கீரை கடைவது போலக் கடையக் கூடாது. சரியாகச் செய்திருந்தால் இலை கிழியாமல், லேசாகக் கசங்கி, அங்கங்கே நிறம் கருத்திருக்கும். பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோனால் வாசனை ஏறும். பாகு பச்சையாகிவிட்டதென்றால் அழுத்தியது அதிகம்.

பிறகு எலுமிச்சைச் சாறு, டெக்கீலா, முக்கால் பாத்திரம் ஐஸ். மூடிப் பத்துப் பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். வெளிப்பக்கம் வெண்மையாகப் பனி பூத்ததும் நிறுத்திவிடலாம். புது ஐஸ் நிரப்பிய தம்ளரில் டீ வடிகட்டி வழியே ஊற்றி, சோடாவை ஓரமாகச் சரித்து, அடியிலிருந்து கரண்டியால் ஒரே ஒரு முறை கிளறுங்கள். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிய புதினாக் கொத்து மேலே.

சோடாவை ஷேக்கருக்குள் ஊற்றிக் குலுக்குவது அடிக்கடி நடக்கிறது. அழுத்தத்தில் மூடி தெறித்து முகத்தில் அடிக்கும். கண்ணாடி ஜாரில் ஐஸ் போட்டுக் குலுக்கினால் விரிசல் விடும் அபாயம் இருக்கிறது. சோடாவும் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பான சோடா ஐஸில் பட்டதும் பொங்கி, வாயு முழுக்கப் போய்விடும். ஸ்பிரைட், செவன் அப் ஊற்றுவதானால் பாகை விட்டுவிடுங்கள்.

புளிப்பு தூக்கலாக இருந்தால் 5 மில்லி பாகு சேருங்கள். சப்பென்று இருந்தால் 5 மில்லி சாறும் இரண்டு கல் உப்பும். கசந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, கொட்டிவிட்டுப் புதினாவிலிருந்து தொடங்குங்கள். "காரம் தெரியவில்லையே" என்று டெக்கீலாவைக் கூட்டுவதுதான் வீட்டு விருந்துகளில் விடாமல் நடக்கும் தவறு. காரம் தெரியாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவும் கலக்கிறோம்.

பத்துப் பேருக்கு ஜாடியில் கலக்க 450 மில்லி டெக்கீலா, சாறும் பாகும் 200 மில்லி வீதம், 250 மில்லி தண்ணீர். தண்ணீரை விடக் கூடாது, குலுக்கும்போது உருகும் ஐஸுக்கு அதுதான் ஈடு. ஃபிரிட்ஜில் வைத்து, பரிமாறும்போது ஆளுக்கு 110 மில்லி அளந்து ஐஸ் மேல் ஊற்றி 60 மில்லி சோடா சேருங்கள். புதினாவை ஜாடிக்குள் போட்டு ஊறவைத்தால் ஒரு மணி நேரத்தில் பழுப்பேறிக் கசக்கும். பதிலாகப் புதினாப் பாகு செய்துவிடலாம். இரண்டு கைப்பிடி இலையைக் கொதிநீரில் 15 விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, பிழிந்து, ஆறிய பாகோடு அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். கருக்கவைக்கும் நொதி அந்தச் சூட்டில் செத்துவிடுவதால் நிறம் பச்சையாகவே நிற்கும். மிக்ஸிக்கு அனுமதி இந்த ஓர் இடத்தில்தான். நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கையும் வெயிலும்

மொட்டைமாடியிலோ கடற்கரையிலோ பகலில் எலுமிச்சை பிழிபவர்கள் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று. எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற வேதிப்பொருள் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் தீக்காயம் போலவே கொப்புளம் வரும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் சிவந்து எரியும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். சாறு வழிந்த தடத்திலேயே கோடாகவும் சொட்டாகவும் வரும், விரல் பட்ட இடத்தில் விரல் வடிவிலேயே வரும். பழுப்புத் தழும்பு மறைய மாதக்கணக்கில்கூட ஆகலாம். குழந்தையின் கையில் இப்படித் தடம் வந்து, சூடு வைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டதும் உண்டு. வீட்டுக்குள் பிழியுங்கள், பிழிந்ததும் சோப்புப் போட்டு மணிக்கட்டு வரை கழுவுங்கள். ஈரத் துணியில் துடைப்பது போதாது.

யாருக்கு, எத்தனை

ஆல்கஹாலில் எந்த அளவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குறைவாகக் குடித்தால் ஆபத்து குறைவு, அவ்வளவே. கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எடுப்பவர்கள் அறவே தவிர்க்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நள்ளிரவில் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம், தள்ளாடுவதைப் போதை என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். எனர்ஜி டிரிங்க் கலக்கவே வேண்டாம், அது அசதியை மறைக்குமே தவிர போதையைக் குறைக்காது.

14 கிராமை உடல் எரித்து முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். காபி, குளியல், மோர் எதுவும் அதை முடுக்காது. புதினா மென்றால் வாய் நாற்றம் போகும். காவலர் ஊதச் சொல்லும் கருவியோ நுரையீரலிலிருந்து வரும் காற்றை அளக்கிறது, வாய் மணம் அதற்கு ஒரு பொருட்டல்ல. இந்தியாவில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். உடல்வாகு சிறியவர்கள் ஒரே தம்ளரில் அதைத் தாண்டிவிடுவார்கள். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டிச் சாவியைக் கலக்குவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். பார்க்க எலுமிச்சை ஜூஸ், குடிக்கவும் இனிப்பு. மிச்சம் வைத்த தம்ளரைக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால், சின்ன அளவுகூடச் சர்க்கரையை இறக்கி மயக்கமோ வலிப்போ வரவைக்கும். விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். விருந்து முடிந்த இரவே எல்லாத் தம்ளரையும் கொட்டிக் கழுவிவிடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முதலில் எழுவது குழந்தைதான்.

குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதையே டெக்கீலா இல்லாமல் செய்யலாம். சாறு 20, பாகு 25, புதினா அதே அளவு, சோடா 120 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. இதை மட்டும் வேறு வடிவத் தம்ளரில், வேறு தட்டில் வைத்துக் கொடுங்கள்.