உலோகம் களைப்பதில்லை, நைகிறது

'அலுமினியக் கலவைகளில் களைப்பு விரிசல் வளர்ச்சி' என்று ஒரு மொழிபெயர்ப்பை நேற்று படித்தேன். சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கி உலோகம் விரிசல்விடுவதை ஆங்கிலத்தில் 'ஃபட்டீக்' என்பார்கள். அதற்குக் களைப்பு, சோர்வு, அயர்ச்சி என்று ஆளுக்கொன்றாகப் போடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன் 'ஃபதிகாரே', களைக்கவைத்தல். 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் ஓடி ஓடி ஒடிந்தபோது ஐரோப்பியப் பொறியாளர்கள் அதையே உலோகத்துக்கும் ஒட்டினார்கள். அவர்கள் உவமை அது, நமக்கெதற்கு?

களைத்தவன் தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவான். உலோகம் ஆகாது. 1954இல் இரண்டு கோமெட் விமானங்கள் இத்தாலிக்கருகே கடலில் சிதறி விழுந்த பிறகு, பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் இன்னொரு கோமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். பறந்தபோது 1,221, தொட்டியில் 1,836, மொத்தம் 3,057 தடவையில் உடல் வெடித்தது. நடுவில் சும்மா நின்ற நாட்கள் அந்தக் கணக்கில் ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை. இதற்குப் பெயர் களைப்பா?

நம்மிடம் 'நைதல்' இருக்கிறது. ஒரே இழுப்பில் கிழிவது வேறு, புழங்கிப் புழங்கி நைவது வேறு. நைந்த துணி திரும்பப் புதிதாவதும் இல்லை. ஆகவே நைவு, நைவு விரிசல். 'நைவு என்றால் முழுசும் நலிவதாயிற்றே, விரிசல் ஓரிடத்தில்தானே?' என்று ஒரு நண்பர் மடக்கினார். வேட்டி எங்கே முதலில் விடுகிறது என்று எடுத்துப் பாருங்கள் என்றேன். தினமும் மடிக்கிற அதே மடிப்பில்தான், மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கும். அலுமினியத்திலும் அப்படித்தான், துளையோரமோ மூலையோ எங்கே இழுவிசை குவிகிறதோ அங்கே தொடங்கும். வார்ப்பில் உறையும்போதே நுண்துளைகள் தங்கிவிடுவதால் பெரும்பாலும் அவற்றிலிருந்தே கிளம்பும். உருட்டியும் அடித்தும் செய்ததில் அவை அமுங்கிவிடும், தொடங்கவே நாளாகும். இரும்புக்காவது 'இதற்குக் கீழே சுமை இருந்தால் பயமில்லை' என்று ஓர் எல்லை உண்டு, அலுமினியத்துக்கு அதுவும் தெளிவாக இல்லை. சின்னச் சுமையும் போதிய தடவை வந்துபோனால் நைத்துவிடும்.

அப்புறம் அதே மொழிபெயர்ப்பில் 'சைக்ளிக் லோட்' என்பதற்குப் போட்டிருக்கும் 'சுழற்சிச் சுமை'. எதுவும் சுழலவில்லை ஐயா, ஏறி இறங்குகிறது. ஏறியிறங்கும் சுமை என்றாலே விளங்கும். இதிலும் மேலே போய், அடித்து உருவாக்கும் இரும்புக்குத் தேனிரும்பு என்று ஒரு சொல் இருப்பதைப் பார்த்துவிட்டு, அடித்தும் உருட்டியும் செய்த அலுமினியத்துக்குத் 'தேனலுமினியம்' என்று எழுதியிருக்கிறார் அந்த மொழிபெயர்ப்பாளர். அகராதியைத் திறந்த கை பட்டறைப் பக்கம் போனதே இல்லை போல.