19 மார்க் வாங்குன அம்மா கையெழுத்து போடலாமா?

குடியாத்தத்துல இருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் அம்மா லண்டன்ல அக்கா வீட்ல இருக்காங்களாம், ரெண்டு வருஷமா மறதி, அங்க டாக்டர் டெஸ்ட் வெச்சதுல 30க்கு 19 வந்திருக்கு. இப்போ அக்கா பேர்ல லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி (சுருக்கமா எல்பிஏ, தன் சார்பா முடிவெடுக்க இன்னொருத்தருக்கு அதிகாரம் குடுக்குற இங்கிலாந்து பத்திரம்) எழுதணும்னு அம்மாவே சொல்றாங்க. ஏம்மான்னு கேட்டா "பெரியவன் கையில காசு தங்காது, சீட்டு கட்டியே அழிச்சான், இவ கணக்கா இருப்பா"ன்னு பதில். அண்ணன் சும்மா விடுவாரா, "இன்னா தேதின்னே சொல்லத் தெரியல, அவங்க கையெழுத்து எப்படி செல்லும்"னு ஃபோன்லயே சண்டை. யார் சொல்றது சரின்னு கேக்குறார்.

நம்ம ஊர் பவர் பத்திரம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதை விளக்கிக்கினு இருக்கப் போறதில்ல. ஒண்ணு மட்டும் பல பேருக்குத் தெரியாது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 201வது பிரிவுப்படி, பவர் குடுத்தவருக்கு புத்தி சுவாதீனம் போயிடுச்சுன்னா அந்த பவரும் அன்னியோட காலி. அப்பாவுக்கு முடியாம போனா பேங்க் வேலை பார்க்கலாம்னு எழுதி வெச்சிருப்போம், அவருக்கு நெஜமாவே முடியாம போற அன்னிக்கு அது வெறும் பேப்பர். நம்ம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பவர் ஏஜெண்ட் கிரயம் பண்ண வந்தா லைஃப் சர்டிபிகேட் கேக்குறாங்க, ஆள் உசுரோட இருக்காரான்னு. மனசு எப்படி இருக்குன்னு அதுல கேள்வியே கிடையாது!

இங்கிலாந்துல 2007 அக்டோபர்ல இருந்து இருக்குற இந்த எல்பிஏ நேர் தலைகீழ், தெளிவு போன பிறகும் செல்லும். அதனாலதான் கையெழுத்து போடுற நேரத்துல எழுதுறவங்களுக்கு விஷயம் புரியுது, யாரும் மிரட்டி வாங்கலன்னு ஒருத்தர் சான்று குடுக்கணும். அவர் குடும்பத்து ஆளா இருக்கக் கூடாது, ரெண்டு வருஷமாவது நேர்ல நல்லா பழகினவரோ, இல்ல டாக்டர், வக்கீல் மாதிரி ஒருத்தரோ.

சரி, 19க்கு வருவோம். இந்த 30 மார்க் டெஸ்ட் வகையறால பிரபலமானது 1975ல வந்த எம்எம்எஸ்இ. இன்னைக்கு தேதி இன்னா, 100ல இருந்து ஏழு ஏழா கழி, மூணு வார்த்தை சொல்றேன் கொஞ்ச நேரம் கழிச்சு திருப்பிச் சொல்லு, இந்தப் படத்தைப் பார்த்து வரை. பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டி, பீடி சுத்தி நாலு புள்ளைங்கள கரை சேர்த்தவங்க, இதுல தோத்துடுவாங்க. அது நோயா, படிப்பில்லாததான்னு மார்க்கை வெச்சு மட்டும் சொல்ல முடியாது. ஆனா சட்டம் கேக்குறது மார்க்கே இல்ல. இங்கிலாந்தோட 2005 சட்டப்படி ஒருத்தருக்கு தெளிவு இருக்குன்னுதான் ஆரம்பிக்கணும், இல்லங்குறவங்கதான் நிரூபிக்கணும். அதுவும் மொத்தமா இல்ல, இந்த முடிவுக்கு, இந்த நேரத்துல இருக்கான்னு மட்டும். வீட்டை விக்கிறதோட நுணுக்கம் புரியாதவங்களுக்குக் கூட எந்தப் புள்ளைய நம்பலாம்ங்குற தெளிவு இருக்கலாம். பார்க்க வேண்டியது நாலு: விஷயம் புரியுதா, முடிவெடுக்குற வரைக்கும் மனசுல நிக்குதா (மறுநாள் மறந்துட்டாலும் தப்பில்ல), அதை எடை போட முடியுதா, முடிவை எப்படியாவது தெரிவிக்க முடியுதா, கண் சிமிட்டியாவது.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். எடை போடுறதுன்னா மூளைக்குள்ள இன்னா நடக்குது?

1994ல அமெரிக்காவுல ஐயோவா பல்கலைக்கழகத்துல பெக்காரா, டமாசியோங்குற மூளை ஆராய்ச்சியாளர்களோட குழு ஒரு சீட்டாட்டம் வெச்சாங்க. நாலு கட்டு. ரெண்டு கட்டுல ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் பொம்மைக் காசு, ஆனா நடுநடுவுல பெரிய அபராதம், பத்து சீட்டு எடுத்தா மொத்தத்துல 250 நஷ்டம். மத்த ரெண்டுல 50 டாலர்தான், அபராதமும் சின்னது, பத்து சீட்டுக்கு 250 லாபம். நல்லா இருக்குறவங்க கொஞ்ச நேரத்துல 50 டாலர் கட்டுப் பக்கம் சாஞ்சுடுறாங்க. நெத்திக்குப் பின்னாடி, கண்ணுக்கு மேல இருக்குற முன்மூளைப் பகுதி சேதமானவங்க மட்டும் 100 டாலர் கட்டையே எடுத்துக்கினு இருந்தாங்க. இவங்க கணக்குல மக்கு இல்ல, ஞாபகமும் நல்லா இருந்தது.

1997ல அதே குழு தோல்ல வியர்வை அளக்குற கருவிய மாட்டிப் பார்த்தா, நல்லா இருக்குறவங்களுக்கு மோசமான கட்டு பக்கம் கை போறதுக்கு முன்னாடியே உள்ளங்கை லேசா வேர்க்குது, அதுவும் ஏன்னு அவங்களால வாயால சொல்ல முடியாத கட்டத்துலயே! சேதமானவங்களுக்கு அந்த வேர்வை இல்ல. அதுல சில பேர் "இது மோசமான கட்டுதான்"னு சரியாச் சொல்லிட்டு, கையை நீட்டி அதையே எடுத்தாங்க. தெரியுது, ஆனா உறைக்கல. வேர்வைதான் வழிகாட்டுதா, இல்ல நாம நினைக்கிறதை விட சீக்கிரமே அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருந்ததான்னு இன்னும் விவாதம் ஓடுது, ஆனா தெரியுறதும் உறைக்குறதும் வேற வேறங்குறது நிக்குது.

அதனாலதான் முன்மூளை டிமென்ஷியா (மூளை தேயுற நோய்) வந்த ஒருத்தர் அந்த 30 மார்க் டெஸ்ட்ல 28 வாங்கிட்டு, சட்டம் பேசிட்டு, சாயங்காலம் வழியில போறவனுக்கு மோதிரத்தைக் கழட்டிக் குடுப்பார். நம்ம பக்கம் உடனே "யாரோ மருந்து வெச்சுட்டாங்க"ன்னு வாந்தி எடுக்க வைக்குற ஆள்கிட்ட கூட்டிக்கினு போறாங்க, எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். குடியாத்தத்து அம்மாவுக்கு கதை திருப்பி. தேதி போச்சு, ஆனா பெரியவன் சீட்டு கட்டி அழிச்ச காசு உறைக்குது, அதை வெச்சு ரெண்டு புள்ளைங்களையும் நிறுத்துப் பார்க்குறாங்க. எனக்குப் பட்டது அது எடை போடுறதுதான், ஆனா சான்று குடுக்க வேண்டியது நான் இல்ல.

நேரமும் முக்கியம். எங்க ஆயாவுக்கு ஒருமுறை சாயங்காலமானா செத்துப்போன தங்கச்சிகூட பேச்சு, காத்து கருப்புன்னு தாயத்து வரைக்கும் போயிட்டாங்க. ரத்தத்துல பார்த்தா சோடியம் 118, இருக்க வேண்டியது 135க்கு மேல, காரணம் பிரஷருக்குக் குடுத்த நீர் மாத்திரை. அதை மாத்தி சோடியத்தை மெதுவா ஏத்துனதும் பழைய ஆயா வந்துட்டாங்க. அந்த வாரத்துல எவனாவது கைநாட்டு வாங்கியிருந்தா?

இன்னொரு வருத்தம். டிமென்ஷியா உள்ளவங்க மூணுல ரெண்டு பேர் நம்மள மாதிரி நாடுகள்ல, ஆராய்ச்சியோ பத்து சதவீதம் கூட இங்க இல்லன்னுதான் 10/66ன்னு பேர் வெச்சு ஒரு குழுவே ஆரம்பிச்சாங்க, அதுல நம்ம வேலூர் கணியம்பாடி கிராமங்களும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களையும் சரியா கண்டுபிடிக்குற முறைய அப்படித்தான் உருவாக்குனாங்க. ராக்கெட்டுக்குக் குடுக்குறதுல ஒரு துளி இந்தப் பக்கம் சிந்தினா நல்லது, இது என் ஆதங்கம்.

குடியாத்தத்துக்காரருக்கு: காலையில, காபி குடிச்சு கொஞ்சம் தெளிவா இருக்குற நேரமா பார்த்து வைங்க. காது மெஷின், கண்ணாடி மாட்டி விடணும். தமிழ் தெரிஞ்ச வெளி ஆள் மொழிபெயர்க்கணும், அக்கா கூடாது. "இவங்களுக்கு எவ்வளவு அதிகாரம் குடுக்குறீங்க, அதை வெச்சு இன்னா பண்ணலாம், ஏமாத்தினா இன்னா ஆகும், எழுதாம விட்டா இன்னா ஆகும்"னு கேட்டு, அவங்க சொந்த வார்த்தையில சொல்ல விட்டு, அப்படியே எழுதிக்கணும். அந்த நேரம் அக்கா பக்கத்து ரூம்ல கூட வேணாம், கடைக்குப் போயிட்டு வரட்டும். அண்ணன் ஃபோனும் ஆஃப்ல இருக்கட்டும்.