தமிழில ஒண்டும் இல்லையாம்!

போன தவணை மேற்பார்வைக்குப் போன ஒரு பாடசாலையில் தரம் 11 பிள்ளை ஒன்றின் கொப்பியைப் புரட்டினேன். மனித இதயத்தின் படம். சோணையறைகள், இதயவறைகள், வால்வுகள் எல்லாம் வடிவாகக் கீறிப் பெயரிட்டிருந்தது. இடது இதயவறைக்குக் குறுக்கே மட்டும் 077 என்று தொடங்கும் ஒரு தொலைபேசி இலக்கம். அதையும் பிள்ளை கவனமாகக் கீறியிருந்தது.

ரீச்சர் கொடுத்த போட்டோ கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு ரியூசன் நிலையம் தன் விளம்பரத்தைப் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே அடித்துவிட்ட பீடிஎஃப். முன் அட்டை இல்லை, ஆண்டு இல்லை, எழுதியவர் யாரென்றும் இல்லை. உள்ளே இரண்டு பகுதிகள் இப்போதைய பாடத்திட்டத்திலேயே கிடையாது. எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டால், “வட்ஸ்அப் குறூப்பில வந்தது சேர்.” ஏன் குறூப்பில் எடுத்தீர்கள் என்றால், “நெட்டில தேடினனான் சேர், தமிழில ஒண்டும் இல்லை.”

இந்தப் பதிலைத் துணுக்காயில் கேட்டேன், இப்போது முல்லைத்தீவிலும் கேட்கிறேன். விஞ்ஞான ஆசிரிய ஆலோசகராக இருக்கும் எனக்கு ஆய்வுகூடத்தில் அமிலம் இல்லை என்ற முறைப்பாட்டைவிட இதுதான் அலுத்துப்போய்விட்டது. ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தமிழில் தட்டச்சு செய்து தேடினால் குறைவாகத்தான் வரும். ஏனென்றால் இலங்கையில் கல்விக்காக வெளியான தமிழ்ப் பீடிஎஃப்களில் பல பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. நம் கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. கைத்தொலைபேசியில் நீங்கள் யுனிகோட்டில் ‘தமிழ்’ என்று தேடினால் அந்தக் கோப்பு எப்படி அகப்படும்? சந்தேகமென்றால் அப்படியான ஒரு பீடிஎஃப்பில் ஒரு வரியைக் கொப்பி பண்ணி நோட்பாட்டில் ஒட்டிப் பாருங்கள். மிச்சம் இருப்பவற்றில் கொஞ்சம் ஸ்கான் பண்ணிய படங்கள். அவற்றுக்குள் தேட எழுத்தே இல்லை. போதாக்குறைக்குக் கோப்பின் பெயரும் தளத்தின் பட்டியலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தேடியது கிடைக்கவில்லை என்பதை வைத்து ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டி, அந்த முடிவோடு குறூப்புக்குப் போகிறோம். குறூப்பில் வருவது யாரோ அரச தளங்களிலிருந்தே எடுத்து, அட்டையைக் கழற்றி, தன் இலக்கத்தை அடித்து அனுப்பியது. கிணறு முற்றத்தில் இருக்க, அயல் வீட்டுப் படலையில் வாளியோடு நிற்கிறோம்.

ஆகவே தேடாதீர்கள், நேரே போங்கள். தேடித்தான் ஆகவேண்டுமென்றால் தரம், பாடம், தமிழ் மீடியம் என்பவற்றை ஆங்கிலத்தில் அடியுங்கள்.

பாடநூலுக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளம். 1980 முதல் அரசு இலவசமாகக் கொடுத்துவரும் அதே புத்தகங்கள்தான். மொழி, தரம், பாடம் தெரிவுசெய்தால் பீடிஎஃப்பாக இறங்கும். அந்த இதயப் படம் அதில் எந்த இலக்கமும் இல்லாமல் சுத்தமாக இருக்கிறது, பெரிதாக்கி அச்செடுக்கலாம். பாடத்திட்டத்துக்கும் ஆசிரியர் வழிகாட்டிக்கும் மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளம். வழிகாட்டியின் அட்டையில் எந்த ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது என்று போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் இறக்க வேண்டாம், பழைய பதிப்புகளும் இணையத்தில் உலாவுகின்றன. ஒவ்வொரு தேர்ச்சி மட்டத்துக்கும் எத்தனை பாடவேளை என்று அதிலேயே இருக்கிறது. நேர ஒதுக்கீடு பற்றி என்னிடம் தொலைபேசியில் கேட்கப்படும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு விடை அங்கே கிடக்கிறது. இது கோபத்தில் சொல்வதல்ல. சரி, கொஞ்சம் கோபம்தான்.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையத் தளத்தில் மூன்று மொழியிலும் பாடங்கள் உண்டு. எல்லா அலகும் ஒரே தரத்தில் இல்லை, பார்த்துப் பொறுக்க வேண்டும்.

பலர் திறந்தே பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். பரீட்சைத் திணைக்களம் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பாடவாரியாக மதிப்பீட்டு அறிக்கை வெளியிடுகிறது. புள்ளியிடும் திட்டம் மட்டுமல்ல, எந்த வினாவை எத்தனை வீதமானோர் தெரிவுசெய்தார்கள், எந்தப் பகுதியில் சறுக்கினார்கள், ஏன் சறுக்கினார்கள் என்று வினா வினாவாக எழுதியிருப்பார்கள். பாஸ்பேப்பர் கட்டாகச் செய்விக்கும் ரீச்சர்மார் இதில் ஒன்றை வாசித்தால் எந்த அலகில் இன்னும் ஒரு கிழமை நிற்கவேண்டும் என்று தெரிந்துவிடும். விடுமுறையில் ஒரு பின்னேரம் போதும்.

யூடியூப்பைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. தமிழ்நாட்டுக் காணொளிகள் நன்றாக இருக்கின்றன, சில மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் அவர்களுடைய கலைச்சொல் வேறு. ஒளிச்சேர்க்கை என்பதையும் செல் என்பதையும் ஒளித்தொகுப்பு, கலம் என்று பிள்ளை எப்படியோ மாற்றிக்கொள்ளும். ஆபத்து அழுத்தத்தில் இருக்கிறது. அவர்கள் அழுத்தம் என்பதை நாம் அமுக்கம் என்கிறோம். நம் புத்தகத்தில் அழுத்தம் மின் அலகில் வருவது, அழுத்த வேறுபாடு, வோல்ற்றில் அளப்பது. திரவ அமுக்கம் படிப்பிக்க அந்தக் காணொளியைப் போட்டுவிட்டு, பிள்ளை அழுத்தத்தின் அலகு பஸ்கால் என்று எழுதினால் பிள்ளையை ஏசிப் பயனில்லை. முழுவதையும் முதலில் நீங்கள் பாருங்கள். சத்தத்தை நிறுத்திப் படத்தை ஓடவிட்டு நீங்களே விளக்குங்கள். செயற்கை நுண்ணறிவிடம் வினாத்தாள் கேட்டு வாங்குகிறவர்களுக்கும் இதே புத்தி. அது இரண்டு நாட்டுச் சொல்லையும் ஒரே வினாவில் கலந்து தரும், விடையையும் சில வேளை பிழையாகத் தரும். பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபாருங்கள்.

அடுத்தது, “எங்கட பள்ளிக்கூடத்தில சிக்னல் இல்லை.” தெரியும். ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் பல இடங்களில் எனக்கும் அழைப்பு எடுபடாது. வகுப்பில் இணையம் வேண்டுமென்று யார் சொன்னது? முதல்நாள் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால் முடிந்தது. பெரிய கோப்புகளுக்கு இரவு டேட்டா இருக்கிறது. வலயத்தில் கணினி வள நிலையம் இருக்கிறது, கேட்டால் மாட்டோம் என்று சொல்லமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற ரீச்சர்மார் வீட்டிலேயே இறக்கலாம்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002 முதல் நடத்திவரும் பெட் (PhET) என்ற தளத்தின் பாவனையாக்கங்களை, அதாவது திரையிலேயே பரிசோதனை செய்துபார்க்கும் சிமுலேஷன்களை எடுங்கள். பலவற்றைத் தனிக் கோப்பாக இறக்கி, இணையமே இல்லாமல் பிரவுசரில் திறக்கலாம். சில தமிழிலும் உண்டு. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரே ஒரு மடிகணினி உள்ள வகுப்பில் மின்சுற்றுப் பாவனையாக்கத்தைத் திறந்து ஒரு பொடியனிடம் மவுஸைக் கொடுத்தேன். மின்குமிழ் இரண்டைத் தொடராக இணைத்தான், ஒளி மங்கியது. சமாந்தரமாக மாற்றினான், இரண்டும் பிரகாசித்தன. பின்வாங்கிலிருந்து ஒருத்தி, “ஒண்டைக் கழட்டிப் பாரடா” என்றாள். கழற்றினான், மற்றது அணையவில்லை. “அப்ப முதல் மாதிரிக் கட்டிப்போட்டு ஒண்டைக் கழட்டு” என்று அடுத்த கட்டளை. நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. உண்மையான குமிழும் உலர்கலமும் இருந்தால் அதையே முதலில் செய்யுங்கள், அது வேறு விடயம்.

ஆரம்பப் பிரிவுக்கு ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கியது, தமிழ்க் கதைகள் வாசிப்பு மட்டப்படி இருக்கின்றன. அச்செடுத்துக் கொடுக்க உரிமம் இடம் தருகிறது. வரலாறும் தமிழும் படிப்பிப்போர் 2005 இல் தொடங்கிய நூலகம் தளத்தை ஒருதரம் நிதானமாகப் பாருங்கள். ஈழத்துப் பழைய நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் வரை கிடைக்கும். தமிழ் விக்கிப்பீடியாவை கிவிக்ஸ் செயலியில் இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத லாப்பிலும் பிள்ளைகள் வாசிக்கலாம்.

குறூப்பை விடச் சொல்லவில்லை. அனுப்பும்போது கோப்பை அனுப்பாமல் அது இருக்கும் தளத்தின் இணைப்பை அனுப்புங்கள். கோப்பாகத்தான் அனுப்புவீர்களென்றால் அட்டையோடு அனுப்புங்கள். ஆண்டு இல்லாத எதையும் போட்டோ கொப்பிக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தத் தாள்காசு பெற்றோரின் காசு.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கஷ்டப் பிரதேச சேவை முடிந்து இடமாற்றம் கிடைத்தால் சந்தோசம், போங்கள். நீங்கள் சேர்த்த எல்லாம் உங்கள் மடிகணினியோடு ஏறி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்விடுகிறது. புதிதாக வரும் பிள்ளை முதல் நியமனம், வெறுங்கையோடு நிற்கிறது, குறூப்பைத்தான் திறக்கும். விடுவிப்புக் கடிதத்தில் அதிபர் கையெழுத்து வைக்கும் நேரத்துக்குள் அந்தக் கோப்புறையைப் பாடசாலைக் கணினியில் இறக்கலாம். தரம், அலகு என்று பெயரிட்டுவிட்டுப் போங்கள். ‘நியூ ஃபோல்டர் 3’ என்று விட்டுப்போனால் யாரும் திறக்கமாட்டார்கள்.